பதினொரு சின்ன நாற்காலிகள்

மூன்றாம் தரத்தில் மூன்று தவணையும் நான்தான் முதலாவது. அப்பா அந்தத் தேர்ச்சி அறிக்கையைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பெக்டரியில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். எத்தனை பேரில் முதலாவது என்று யாரும் கேட்காத வரைக்கும் அது பெருமைக்குரிய விஷயந்தான். எங்கள் வகுப்பில் நான் ஒருத்தி மட்டுமே இருந்தேன்.

லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். தகரக் கூரை போட்ட ஒரே நீண்ட மண்டபம். நடுவில் தடுப்பு கிடையாது. ஒரு கோடியில் அதிபரின் மேசை, மறு கோடியில் முதலாம் தரம், இடையில் மற்ற வகுப்புகள். ஐந்தாம் தரம் வரைக்குமான அந்தப் பள்ளிக்கு அதிபர் ஒருவர், டீச்சர் ஒருவர். நான் சேர்ந்த ஆண்டில் என்னோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தியின் அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை கிடைத்தது, குடும்பத்தோடு போனாள். இரட்டைப் பையன்களை மொனராகலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக மிஞ்சியிருந்தவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை.

பாடப் புத்தகத்தில் அடிக்கடி ‘நண்பருடன் சேர்ந்து செய்க’ என்று வரும். அந்த நேரம் பார்த்து டீச்சர் இரண்டாம் தரத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் வாங்குப் பலகையின் இந்த ஓரத்தில் இருந்து கேள்வியைக் கேட்டுவிட்டு, அந்த ஓரத்துக்கு நகர்ந்து பதில் சொல்வேன். சில வேளை பதில் சொல்பவளுக்கு விடை தெரியாது. அப்போது இருவரும் சேர்ந்து டீச்சருக்காகக் காத்திருப்போம்.

டிசம்பர் விடுமுறையில் இது இன்னும் மோசம். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு பெக்டரி. எங்கள் வீடான லயத்துக் காம்பராவின் சாவியை ஒரு நூலில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் லயத்தில் ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பராக்கள். அவற்றில் ஐந்துக்கு, ஆட்கள் வெளியூர் போய்விட்டதால், பூட்டு. மழை நின்ற நேரமெல்லாம் நான் பள்ளிக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லாமல் இருப்பது விடுமுறை என்பதால்தானே. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கீழே இருந்து லொறி ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து சின்ன நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை. எண்ணினேன், பதினொன்று. பின்னாலேயே டீச்சர் குடையோடு இறங்கினார். அவருடைய ஊர் பண்டாரவளை. நியமனம் கிடைத்து எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தின் பழைய மருந்துக் காம்பராக் கட்டடத்தில் ஓர் அறையில் தங்கியிருந்தார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர் நான்கே நாளில் திரும்பி வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“டீச்சர், இது யாருக்கு?”

“புதுசா வரப்போற பிள்ளைகளுக்கு. ஒண்ணாம் தரத்துக்குப் பதினோரு பேரு இருக்காங்க.” குடையை மடக்கியபடி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். “நீ சும்மாதானே இருக்க? வகுப்பு ஜோடிக்கணும். கூட வர்றியா?”

நான் படியிலிருந்து எழுந்த வேகத்தில் சாவி நெஞ்சில் வந்து அடித்தது.

அன்று தொடங்கி மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமை தவிர, நானும் டீச்சரும் அந்த மண்டபத்தின் கோடியில்தான் இருந்தோம். முதலில் சுவரைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். அடித்தோம் என்றால் அவர் அடித்தார், நான் வாளியைப் பிடித்தேன். கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு பூசி, காயும்வரை அதில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். பிரிஸ்டல் போர்ட்டும் கலர் பேப்பரும் பண்டாரவளையிலிருந்து அவரே வாங்கி வந்திருந்தார். அது போதவில்லை. தேயிலை அடைக்கும் பெரிய கடதாசிப் பைகளின் உட்புறம் வெள்ளியாய் மினுங்கும். கிழிந்துபோன பைகள் இருந்தால் எடுத்து வரும்படி அப்பாவிடம் சொன்னேன். அப்பா மறுநாளே நான்கு பைகள் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்கிறவர், இதை மட்டும் மறுபேச்சில்லாமல் செய்தார். அந்த வெள்ளித் தாளில் நட்சத்திரம், நிலா, மீன் எல்லாம் வெட்டினோம். மீன்களிலிருந்து கடைசிவரை தேயிலை வாசம் போகவில்லை.

எழுத்துப் படங்களை டீச்சர் வரைய, நான் நிறம் தீட்டினேன். அ-வுக்கு அம்மா. டீச்சர் வரைந்த அம்மா சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். கை சும்மா இருப்பது எனக்கு என்னவோ போல இருந்தது. டீச்சர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவள் முதுகில் ஒரு கொழுந்துக் கூடையை வரைந்து, கயிற்றைப் பூவுக்கு மேலாக நெற்றியில் கொண்டுவந்து விட்டேன். பயந்துகொண்டுதான் காட்டினேன். டீச்சர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு அப்படியே கொண்டுபோய் சுவரின் நடுவில் ஒட்டினார்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாவைக் காய்ச்சிய பசைதான். மழைக்காலத்துச் சுவருக்கும் அந்தப் பசைக்கும் ஆகவே ஆகாது. சாயங்காலம் ஒட்டிவிட்டுப் போனதில் பாதி, காலையில் தரையில் கிடக்கும். ஆடு தலைகீழாக இருக்கும், இலையை எலி தின்றிருக்கும். டீச்சர் சலித்துக்கொள்ளாமல் அடுப்பைப் பற்றவைத்து மறுபடியும் மாவைக் கரைப்பார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எல்லாம் ஒட்டி முடிந்துவிட்டால் நாளைக்கு எதற்கு வருவது?

கடைசியில் பெயர் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிராணி வடிவத்தில் அட்டை வெட்டி, பெயர் எழுதி, கழுத்தில் மாட்ட ரிப்பன் கட்டினோம். டிலுக்ஷனுக்கு முயல், சாருனியாவுக்கு வண்ணத்துப்பூச்சி, இப்படிப் பதினொன்று. லயம் லயமாகப் போய் டீச்சரே எழுதி வந்த பெயர்கள் அவை. எனக்கு எல்லாம் மனப்பாடம். அட்டைகளை நாற்காலிகளில் வைத்து, டீச்சர் இல்லாத நேரத்தில் பெயர் பெயராக இடாப்பு கூப்பிடுவேன். முயலுக்கு வால்தனம் அதிகம், அதை எனக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று முடிவு செய்திருந்தேன். வண்ணத்துப்பூச்சி முதல் நாள் அழும், அதற்கு என்ன சொல்லி ஆற்றுவது என்று வசனங்கூடத் தயாராக இருந்தது. என் வகுப்பில் வேண்டுமானால் நான் ஒருத்தியாக இருக்கலாம். இடைவேளைக்கு எனக்குப் பதினோரு பேர் வரப்போகிறார்கள்.

லயத்தில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கீழ் ரோட்டிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஒன்று ஓடப்போகிறதாம். பீலித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. “இங்க போட்டு என்ன செய்ய? நாளைக்கு மூடிருவாங்கன்னு சொல்றாங்க. நாங்க டவுனுக்குத்தான் போடுறோம்.” அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். அந்த அக்காவின் மகன்தான் முயல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அட்டையில் இருந்த டிலுக்ஷனும் பீலியடியில் சேறு பூசிக்கொண்டு நின்ற அந்தப் பொடியனும் என் மனதில் ஒன்றாகவே இல்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கி, ஒன்றரை வாரத்தில் முதலாம் தரத்துப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஓர் ஐயா வருவதாக அறிவித்திருந்தார்கள். காலையிலேயே நாங்கள் மண்டபத்தைக் கழுவிவிட்டோம். குத்துவிளக்கு, ஒரு சட்டி பொங்கல், பதினோரு கடதாசிப் பூமாலை. பதினோரு நாற்காலிகளையும் அரை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் அட்டையை வைத்தோம். அன்றைக்கென்று பார்த்துச் சுவரில் எந்தப் படமும் கழன்று விழவில்லை.

எட்டு மணிக்கு ஒரு சிறுமி தாயோடு வந்தாள். வண்ணத்துப்பூச்சிதான். நான் நினைத்ததுபோலவே அழுதாள், நான் தயார் செய்த வசனம் ஒன்றும் எடுபடவில்லை. எட்டரைக்கு யாரும் வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. அதிபர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறிப் போனார், அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இறங்கி வந்தவர் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

“வேன் இன்னைக்குத்தான் மொத நாள் ஓடுதாம். எல்லாரையும் ஏத்திட்டுப் போயிருச்சு.”

டீச்சர் கடைசி நாற்காலியில், அது அவருக்கு மிகச் சின்னது, முழங்கால் நெஞ்சைத் தொடும்படி உட்கார்ந்து, மாலைகளில் ஒன்றைக் கையில் எடுத்து அதன் பூக்களைச் சரி செய்துகொண்டிருந்தார். அந்தப் பூக்கள் சரியாகத்தான் இருந்தன.

நான் மண்டபத்தின் பின்பக்கமாக இறங்கி ஓடினேன்.

இரண்டு வளைவு கீழே இருந்தது பிள்ளைக்காம்பரா. மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளையும் பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். மூச்சு வாங்க வாசலில் நின்று என் வாழ்நாளின் முதல் பெரிய பொய்யைச் சொன்னேன்.

“ஆயா, நடக்கத் தெரிஞ்ச புள்ளைகள எல்லாம் டீச்சர் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பொங்கல் குடுக்கப் போறாங்களாம்.”

ஆயா நம்பினாரா, அல்லது காலை நேரத்தில் ஆறு பிள்ளைகள் குறைந்தால் நல்லது என்று நினைத்தாரா, தெரியாது. முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு அனுப்பினார். ஆறு பேர். மூத்ததற்கு நான்கு வயது இருக்கும். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி ரயில் மாதிரிக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் ஒருவன் உட்கார்ந்துவிட்டான், அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். மேலே வந்து சேர்ந்தபோது ஐயாவின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாக ஆறு பேரையும் நாற்காலிகளில் ஏற்றி, அங்கிருந்த ஆறு அட்டைகளை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். இடுப்பில் வந்தவன்தான் முயல்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது ஏழு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஐயா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

விளக்கேற்றினார்கள். தேவாரம் பாட வேண்டிய ஐந்தாம் தரத்து அக்கா, முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டாவது அடியை விட்டுவிட்டாள். ஐயா மாலை போட முதலாவது நாற்காலிக்கு வந்தார். வயதான, மெலிந்த மனிதர். குனிந்து அட்டையை வாசித்தார்.

“டிலுக்ஷன்! நல்ல பேரு. ஒங்களுக்கு எத்தன வயசு?”

முயல் மூன்று விரலைக் காட்டினான். பிறகு யோசித்து ஒன்றை மடக்கினான்.

இரண்டாவது நாற்காலி தன் பெயர் அது இல்லை என்று சொல்லிவிட்டது. மூன்றாவது நாற்காலி பொங்கல் எங்கே என்று கேட்டது. நான்காவது, மாலை விழுந்ததும் அதைத் தின்னத் தொடங்கியது. ஐந்தாவது தூங்கிவிட்டது. ஆறாவது நாற்காலியின் கீழே தண்ணீர் ஓடி, கழுவிய தரையில் கோடு போட்டு, ஐயாவின் காலை நோக்கி வந்தது. அதிபர் கூரையைப் பார்த்தார். ஐயா காலை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்துக்கொண்டு, ஆறாவதுக்கும் மாலையைப் போட்டு, உண்மையான வண்ணத்துப்பூச்சிக்கும் போட்டுவிட்டு, தலையைத் தடவிக்கொடுத்தார்.

பொங்கல் கொடுத்து முடிந்த பிறகுதான் கேட்டார்.

“இவங்கள யாரு கூட்டிட்டு வந்தது?”

டீச்சர் முந்திக்கொண்டு, “சார், அது நான்...” என்று தொடங்கினார். அதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“நீ எந்தத் தரம்மா?”

“நாலு சார்.”

“ஒங்க வகுப்புல எத்தன பேரு?”

“நான் மட்டுந்தாங்க சார்.”

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளி நட்சத்திரங்கள், மீன்கள், கூடை சுமந்த அம்மா. காலியாக இருந்த நான்கு நாற்காலிகளையும் பார்த்தார். அதிபரின் மேசைக்குப் போய் இடாப்பையும் பிள்ளைகளின் பத்திரங்கள் இருந்த கோவையையும் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையா?”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். என் தோளில் இருந்த அவருடைய கை கொஞ்சம் அழுத்தியது. நான் முதலாவதாக வந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து இன்னும் நேராக நின்றேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஐயா போன பிறகு டீச்சர் ஆறாவது நாற்காலியின் கீழே துடைத்தார். பிள்ளைகளை இறக்கிவிட என்னோடு பிள்ளைக்காம்பரா வரை வந்தார். வரும் வழியில் திடீரென்று சிரிக்கத் தொடங்கி, பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ரெண்டு வயசு, ரெண்டு வயசு என்று விரலை மடக்கிக் காட்டினார். நானும் கூடச் சிரித்தேன். இனிப் பள்ளிக்கூடத்தை மூட மாட்டார்கள், ஏழு பேரை ஐயா கண்ணால் பார்த்துவிட்டாரே என்று எனக்கு நிம்மதி. அவர் எழுதிக்கொண்டு போனது ஒன்று என்ற எண்ணைத்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளியைக் கீழ் டிவிசன் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். டீச்சருக்கும் மாற்றம் வந்து எங்கேயோ போய்விட்டார்.

அந்த விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா என் உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். பதுளையில் அம்மாவின் தம்பி ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை செய்தார். மாமா வீட்டில் தங்கி டவுன் பள்ளியில் நான் படிக்கப்போவதாக அப்போதுதான் சொன்னாள். “ஒத்தப் புள்ளையா ஒக்காந்து எவ்வளவு நாளைக்குப் படிப்ப? அங்க நாப்பது புள்ளைக இருக்கும்.” அவளும் அப்பாவும் தோட்டத்திலேயே இருப்பார்கள். நான் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக என்னைத் தனியாக அனுப்பினார்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டபோது, “சொல்லியிருந்தா லீவு முழுக்க அழுதிருப்ப” என்றாள். அது உண்மைதான்.

சென்ற வருடம் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் பழைய பத்திரங்களைத் தேடியபோது, மேல் டிவிசன் பள்ளியின் விடுகைப் பத்திரம் கையில் அகப்பட்டது. அடியில் அதிபரின் கையெழுத்து. மற்றதெல்லாம் டீச்சரின் முத்து முத்தான எழுத்து. பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில் ‘வேறு பாடசாலை செல்வதற்காக’ என்று எழுதியிருந்தார். திகதி, டிசம்பர் விடுமுறை விட்ட நாள். நாற்காலிகள் லொறியில் வந்து இறங்குவதற்கு நான்கு நாள் முந்தியது. அப்பா அன்றைக்கே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். மூன்று வாரம் என்னோடு உட்கார்ந்து வெள்ளி மீன் வெட்டியபோதெல்லாம் டீச்சருக்குத் தெரியும்.

அம்மா உடுப்பு மடித்து வைத்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் அம்மாவை கேட்டடியில் நிறுத்திவிட்டு நான் மண்டபத்துக்கு ஓடினேன். முதலாம் தரத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அரை வட்டமாகப் போட்டிருந்த பதினோரு நாற்காலிகளில் நடுவில் அந்த ஒரு சிறுமி. அவள் இப்போது அழவில்லை, காலை ஆட்டிக்கொண்டு அ என்று எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், போயிட்டு வர்றேன்.”

“ஆங். கவனமாப் போம்மா. நல்லாப் படி.”

அவ்வளவுதான். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடிப்பார், வாசல்வரை வருவார், குறைந்தது ரோட்டு வளைவு வரைக்கும் கை காட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் எழுந்தார், ஆனால் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஒட்டியிருந்த ஒரு படத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி நீவத் தொடங்கினார். அது கழன்றிருக்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அம்மா பஸ் வரப்போகிறது என்று கூப்பிட்டாள். டீச்சர் திரும்பவேயில்லை.

பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள். நான் வெளியே பார்க்கவில்லை. பொய் சொல்லிச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஐயாவுக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று டீச்சருக்கு என்மேல் கோபம், அதனால்தான் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் திரும்பிக்கொண்டார் என்று பசறை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவோடுதான் பதுளையில் போய் இறங்கினேன்.